பக்கத்து வீட்டு மாடி ஜன்னலும் நம் வீட்டுக் கொல்லையும்

சட்ட ஆலோசனை கேட்டு வந்த ஆறு பக்கக் கடிதம் ஒன்று. எழுதியவருக்கு 43 வயது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறு நகரம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் மாமியார், பிளஸ் டூ படிக்கும் 16 வயது மகள், இவர் என மூன்று பெண்கள். மாமனார் 1994-ல் கட்டிய வீடு. முன்னால் திண்ணை, கூடம், கிழக்குச் சுவரை ஒட்டிச் சமையலறை, பின்னால் கொல்லை. கொல்லையில் கிணறு, துவைகல், பாதிக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட குளியலறை.

கிழக்கே ஒட்டியிருந்த மனையும் மாமனாருடையதுதான். நாத்தனார் கல்யாணச் செலவுக்காக அதை 2009-ல் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் இடையில் நாலடிச் சந்து விட்டுத் தரைத்தளம் கட்டினார். பல வருடம் பிரச்சினை எதுவும் இல்லை. 2024-ல் மாடி எடுத்தபோது இவர்கள் பக்கமாக இரண்டு பெரிய ஸ்லைடிங் ஜன்னல்கள் வைத்தார், மாடிப்படிக்கு ஒன்று. அடுத்து வந்த தை மாதம் மாடியை இரண்டு இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர்கள் மாலையில் ஜன்னலோரம் நின்றபடியே போன் பேசுகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன், இவர் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கதவைத் திறந்தபோது ஒருவன் கையில் போன் இவர் பக்கம் உயர்ந்திருந்தது. இவர் நிமிர்ந்து பார்த்ததும் பின்வாங்கிவிட்டான்.

அதன்பிறகு சமையலறை ஜன்னலுக்கும் மகள் படிக்கும் அறை ஜன்னலுக்கும் மைதாப் பசையால் செய்தித்தாள் ஒட்டிவிட்டார்கள். உலை கொதிக்கும் ஆவியில் பசை இளகி ஒரு மூலை மட்டும் தினமும் பிரிந்துகொள்கிறது, தினமும் ஒட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, “என் வீட்டு ஜன்னல், என் இஷ்டம். ரொம்பப் பேசினா சந்துல சுவர் எழுப்பி உங்க சமையக்கட்டு ஜன்னலையே அடைச்சிடுவேன்” என்று பதில். கணவரின் சித்தப்பா, “பொம்பளைங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டா முடிஞ்சுது” என்கிறார். தம்பியோ, ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஜன்னல்மேல் தகரம் அடிக்கலாமா, இல்லை அதைப் பார்த்து ஒரு கேமரா வைக்கலாமா என்று கேட்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே, அதைக் காட்டி ஜன்னலை இடிக்க வைக்க முடியாதா என்பது இவர் கேள்வி. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: “நான்தான் பெரிசுபடுத்துறேனா?”

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ, கொல்லைக் கதவைத் தாண்டினால் முந்தானையைச் செருகிக்கொண்டு நிம்மதியாக நடக்கிற சில அடி நிலம் ஒரு பெண்ணுக்கு என்ன என்பது, அதை இழந்தவருக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகச் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். வேலித் தகராறு, சந்துத் தகராறு என்று வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இந்த வலிதான். வாதியின் மனுவில் அது எழுதப்பட்டிருக்காது, அவ்வளவே.

ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவர் வைத்த ஜன்னல் ஒன்று. அந்த ஜன்னலில் நின்று பார்க்கிறவன் ஒன்று. உங்கள் சொந்தச் சமையலறை ஜன்னல் இன்னொன்று. மூன்றுக்கும் சட்டம் தனித்தனி. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், நீங்கள் பலமாக இருக்கிற இடத்திலும் வழக்கு பலவீனமாகிவிடும்.

அவர் ஜன்னல் திறந்தது தவறா?

இது உங்களுக்குப் பிடிக்காத பதில்: தன் சுவரில், விதிப்படி இடம் விட்டு, ஒருவர் ஜன்னல் வைப்பதை ‘எங்கள் வீடு தெரிகிறது’ என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்க நம் ஊரில் பொதுவான உரிமை கிடையாது.

ஜன்னலுக்குப் பழைய தமிழில் ‘காலதர்’ என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நம் நாட்டுச் சட்டமும் ஜன்னலை ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைகள் சட்டம், பத்திரங்களில் ‘ஈஸ்மெண்ட் பாத்தியம்’ (அடுத்தவர் நிலத்தின்மீது நமக்குள்ள அனுபவ உரிமை) என்று வருமே, அதற்கான சட்டம், முதலில் சென்னை மாகாணத்துக்கும் மத்திய மாகாணங்களுக்கும் குடகுக்கும்தான் வந்தது. அதன்படி ஜன்னல் வழியாக வரும் காற்றும் வெளிச்சமும் உரிமையாகலாம். ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி உரிமையாகாது. அடுத்தவர் பார்வை நம்மீது விழாமல் இருப்பதும் தானாக உரிமையாகிவிடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 18-ஆம் பிரிவு ஊர் வழக்கத்தால் வரும் உரிமையைப் பேசுகிறது. அதற்குச் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டே ஜன்னல்தான்: பக்கத்து வீட்டின் மறைவான பகுதி தெரியும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக்கூடாது என்பது ஒரு ஊரின் வழக்கமாக இருந்தால், அங்கே அது சட்டப்படியான உரிமை. வடக்கே இந்த வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றன. 1888-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில், பர்தா முறையில் வாழும் பெண்கள் உள்ள வீட்டின் அந்தரங்கத்தை வழக்கத்தால் வந்த உரிமையாக அங்கீகரித்தது. குஜராத் பகுதியிலும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்றமோ 19-ஆம் நூற்றாண்டிலேயே வேறு பக்கம் போய்விட்டது. வழக்கம் என்று நிரூபித்தாலொழிய, பார்வை விழுகிறது என்பதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது, வேண்டுமானால் உன் நிலத்தில் மறைப்புக் கட்டிக்கொள் என்றது. உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சாட்சி வைத்து நிரூபிப்பது கடினம். நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்டிருக்கிறீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று சொன்னது உண்மை. ஆனால் அந்த வழக்கு அரசு குடிமக்களின் விவரங்களைத் திரட்டுவது பற்றியது. முதன்மையாக அது அரசின் கையைக் கட்டுகிறது. முன்சீப் கோர்ட்டில் உங்கள் வக்கீல் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கும். அதை மட்டும் காட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னலை இடிக்க உத்தரவு வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் கட்டணம் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் அந்த ஜன்னல்களைப் பற்றி ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும், வேறு வாசல் வழியாக. மாடிக்கு நகராட்சியில் வரைபட அனுமதி வாங்கினாரா, அனுமதித்த படத்தில் அந்த ஜன்னல்கள் இருக்கின்றனவா, உங்கள் பக்கம் விடவேண்டிய இடத்தை விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மனையின் அளவையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்துப் பக்கவாட்டு இடம் எவ்வளவு என்று சொல்கின்றன. தரைத்தளத்துக்குப் போதுமாயிருந்த நாலடி மாடிக்கும் போதுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப்போட்டு, அனுமதித்த வரைபடத்தின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். விதிமீறல் இருந்தால் நடவடிக்கை எடுக்க, 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. அவருடைய மாடி சன்ஷேடு எல்லையைத் தாண்டி உங்கள் மனைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது ஆக்கிரமிப்பு, அதற்கு வாதமே வேண்டாம். கூடவே உங்கள் சமையலறை சன்ஷேடையும் பார்த்துவிடுங்கள். 1994-ல் இரண்டு மனையும் உங்களுடையதாக இருந்தபோது போட்டது அது. இன்று அது அவர் சந்தின்மேல் நீண்டிருக்க வாய்ப்பு உண்டு. அவர் வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார்.

உங்கள் சமையலறை ஜன்னல்

இங்கேதான் நீங்கள் நினைப்பதைவிடப் பலமாக இருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கிற காரணத்தால் அல்ல.

“எங்கள் ஜன்னலுக்கு முப்பது வயது, இருபது வருடம் ஆனாலே உரிமை வந்துவிடுமே” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது சரிதான்: ஒரு கட்டடத்துக்கு வரும் காற்றையும் வெளிச்சத்தையும் இருபது வருடம் இடையூறில்லாமல், அமைதியாக, உரிமையாக அனுபவித்தால் அது அசைக்க முடியாத உரிமையாகிவிடும். ஆனால் தன் நிலத்தின்மீதே ஒருவருக்கு ஈஸ்மெண்ட் இருக்க முடியாது. 1994 முதல் 2009 வரை இரண்டு மனையும் உங்கள் மாமனாருடையவை. ஆகவே அந்தப் பதினைந்து வருடம் கணக்கில் சேராது. கிரயம் நடந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இருபது வருடம் 2029-ல்தான் முடியும். இதைத் தெரியாமல் 15-ஆம் பிரிவை மட்டும் நம்பி வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு உங்கள் மாமனாரின் கிரயப் பத்திரத்தையே எடுத்து நீட்டி வழக்கைக் கவிழ்த்துவிடும்.

உங்களைக் காப்பாற்றப் போவது 13-ஆம் பிரிவு. ஒருவர் தன் சொத்தில் ஒரு பகுதியை விற்று மறு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்போது, வைத்துக்கொண்ட வீட்டை அதுவரை அனுபவித்தபடியே அனுபவிக்கத் தேவையான, கண்ணுக்குத் தெரிகிற, தொடர்ச்சியான வசதிகள் அவருக்கு நிற்கும். பத்திரத்தில் அதற்கு மாறாக எதுவும் இல்லாதவரை. இந்தப் பிரிவின் கீழ் உள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று உங்கள் வீட்டை வந்து பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்: வீடும் ஒட்டிய நிலமும் ஒருவருக்குச் சொந்தம், வீட்டு ஜன்னல்கள் அந்த நிலத்தைப் பார்த்திருக்கின்றன, அவர் வீட்டை வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் விற்கிறார், ஈஸ்மெண்ட் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அப்படியிருந்தும், வாங்கியவர் அந்த வெளிச்சத்தை மறைக்கும்படி கட்ட முடியாது.

அதனால் நாளைக் காலையில் முதல் வேலை, 2009 கிரயப் பத்திரத்தின் நகலைத் தேடுவது. உங்களிடம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். நான்கு எல்லை விவரத்தையும் அதற்குக் கீழே உள்ள நிபந்தனைகளையும் வரி வரியாகப் படியுங்கள். ‘சகலவித பாத்தியங்களும் உட்பட’ என்று பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் வரி இருந்தால் பயப்பட வேண்டாம், வாதிட இடம் இருக்கிறது. ‘மேற்படி மனையில் எந்தக் கட்டடமும் கட்டிக்கொள்ள ஆட்சேபணை இல்லை’ என்பது போல ஏதாவது இருந்தால்தான் சிக்கல்.

ஜன்னல் கிரயத்துக்கு முன்பே இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். என் ஆரம்ப வருடங்களில், கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனரோடு இதேபோன்ற ஒரு வழக்குக்குப் போயிருக்கிறேன். ஜன்னல் புதிதாக இடித்துத் திறந்தது என்று எதிர்த்தரப்பு சாதித்தது. வாதியம்மாள் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கட்டையில் இருந்த உப்பு ஜாடியைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு ஆக்ஸைடு பூசிய கட்டையில் ஜாடியின் அடிவட்டம் அரை அங்குல ஆழத்துக்கு அரித்துப்போய்க் கிடந்தது. கமிஷனர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அதை அறிக்கையில் எழுதினார். உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும். நாத்தனார் கல்யாண ஆல்பத்தில் சமையலறை தெரிகிற ஒரு படம்கூடப் போதும்.

செய்தித்தாள் ஒட்டி மூடியதால் உரிமை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். இருபது வருடம் தொடர்ந்து அனுபவிக்காமல் விட்டால்தான் அது அழியும். ஆனால் அவர் நிஜமாகவே சுவர் எழுப்ப ஆரம்பித்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். செங்கல் இறங்கும்போதே படம் எடுத்து, இடைக்காலத் தடைக்கு மனுப்போட வேண்டும். எழும்பிய சுவரை இடிக்கச் சொல்ல எந்த நீதிபதியும் யோசிப்பார். எழும்பாத சுவரை நிறுத்தச் சொல்ல அவ்வளவு யோசிக்கமாட்டார். கொஞ்சம் வெளிச்சம் குறைந்தால் போதாது, வீட்டில் இருப்பவரின் உடல் வசதி கணிசமாகப் பாதிக்கப்பட வேண்டும் என்பது 33-ஆம் பிரிவு. ஒரே ஜன்னல் உள்ள சமையலறையை முழுசாக அடைத்தால் அதை நிரூபிப்பது சிரமமில்லை.

வீடு இப்போது மாமியார், கணவர் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கு அவர்கள் பெயரில் போகவேண்டும். மாமியார் கையெழுத்துப் போட்டால் தொடங்கிவிடலாம். கணவர் மஸ்கட் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று உங்களுக்குப் பவர் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது.

பார்வை எப்போது குற்றமாகிறது

இனி அந்த இளைஞன். இதற்கு வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. ஜன்னல் விதிப்படி கட்டியதா என்பதும் முக்கியமில்லை. அனுமதி வாங்கி வைத்த ஜன்னலில் நின்று செய்தாலும் குற்றம் குற்றம்தான்.

2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று வந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவாக இருக்கிறது. குளியலறை, கழிப்பறை போல, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நியாயமாக நம்பும் இடத்தில், உடல் மறைவில்லாமலோ உள்ளாடையோடு மட்டுமோ இருக்கும்போது அவரைப் பார்ப்பதே குற்றம். படம் எடுத்திருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. மத்தியச் சட்டப்படி முதல் முறை ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம். மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழு வருடம். அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் சேரும்.

நீங்கள் பாத்திரம் துலக்கும்போது, துணி காயப்போடும்போது ஒருவன் எட்டிப் பார்ப்பது 77-க்குள் வராது. ஆனால் ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் எண்ணத்தோடு அவளது அந்தரங்கத்தில் நுழைவதை 79-ஆம் பிரிவு தண்டிக்கிறது, மூன்று வருடம் வரை. உங்கள் மகளுக்கு 16 வயது. தவறான எண்ணத்தோடு ஒரு சிறுமியைத் திரும்பத் திரும்பக் கவனித்துக்கொண்டிருப்பது போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் பாலியல் சீண்டல். இதை மகளிடம் நீங்கள் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்ட முதலில் கேட்டதே அவள்தான் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அவளுக்குத் தனியாக ஏதாவது நடந்திருக்கலாம். திட்டாமல், “எதுக்கு மாடில பாத்த?” என்று திருப்பிக் கேட்காமல், அவள் சொல்வதை முதலில் முழுசாகக் கேளுங்கள்.

‘அவன் படம் எடுத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை, எப்படிப் புகார் கொடுப்பது?’ என்கிறீர்கள். நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், நான் இப்படி நின்றேன், அவன் கையில் போன் இப்படி இருந்தது, நான் பார்த்ததும் பின்வாங்கினான். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். போனைச் சோதிக்கவேண்டியது போலீஸ் வேலை. மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது, இனியும் தள்ளாதீர்கள். போனில் இருப்பதை அழிக்க ஒரு நிமிடம் போதும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

சித்தப்பா சொன்னதும் தம்பி சொன்னதும்

“ஜன்னலைச் சாத்திக்கொள்” என்பது உங்கள் சித்தப்பா மட்டும் சொன்னதில்லை. லண்டனில் டேட் மாடர்ன் என்ற அருங்காட்சியகத்தின் பத்தாவது மாடியில் 2016-ல் சுற்றிப்பார்க்கும் தளம் ஒன்றைத் திறந்தார்கள். வருடத்துக்கு ஐந்தாறு லட்சம் பேர் வந்து, எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த அடுக்குமாடி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டபோது, கண்ணாடி வீட்டில் இருப்பது நீங்கள் தேர்ந்தது, திரை போட்டுக்கொள்ளலாமே என்பதும் விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளியதற்கு ஒரு காரணம். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அதை மாற்றியது. தொல்லை தருகிறவரை விட்டுவிட்டு, தொல்லைப்படுகிறவர் மறைந்துகொள்ள வேண்டும் என்பது தவறான அணுகுமுறை என்றது. அதே தீர்ப்பு, பக்கத்து வீட்டிலிருந்து சாதாரணமாகப் பார்வை விழுவது மட்டும் வழக்குக்குக் காரணமாகாது என்றும் சொல்கிறது. அங்கத்திய தீர்ப்பு இங்கே நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சித்தப்பாவிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்: சாத்திக்கொள்வது நம் வசதிக்கு, நம் கடமை அல்ல.

தம்பியை மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில், அவர் ஜன்னலில் தகரம் அடித்தால் அத்துமீறலும் சொத்துச் சேதமும் உங்கள் தலையில் விழும். நாளைக்கு அவர் உங்கள் ஜன்னலை அடைத்தாலும் அதை நீங்களே இடிக்கச் சட்டம் இடம் தரவில்லை, ஈஸ்மெண்ட் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே தடுக்கிறது. கேமரா உங்கள் கொல்லையையும் வாசலையும் பார்க்கலாம். அவர்கள் ஜன்னலுக்குள் பார்க்கும்படி திருப்பி வைத்தால், இன்று நீங்கள் புகார் சொல்கிற அதே காரியத்தை நீங்கள் செய்ததாகிவிடும். அந்த வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பையனின் போனைப் பறிப்பது, பெயர் போட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது எதுவும் வேண்டாம்.

உங்கள் நிலத்துக்குள் மறைப்புக் கட்டுவதற்கு மட்டும் யாருடைய சம்மதமும் வேண்டாம். அவர் மாடி ஜன்னலுக்கு இருபது வருட உரிமை இன்னும் வரவில்லை. கொல்லையில் கம்பி நட்டுப் பச்சை வலை கட்டலாம், கீற்றுத் தட்டி கட்டலாம், கிணற்றடிக்குமேல் பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றலாம். நிரந்தரமாகச் சுவரை உயர்த்துவதானால் நகராட்சி அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறையின் மிச்சப் பாதிக்கும் கூரை போட்டுவிடுவதை இந்த வாரமே செய்யுங்கள்.

பேசித் தீர்க்கும் வழி

காவல் நிலைய மனு தனியாகப் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு தனியாக நடக்கட்டும். அவரைக் குற்றவாளியாக்கி எழுதாதீர்கள். மாடிக்கு வெளிச்சம் வேண்டும் என்றுதான் அவர் ஜன்னல் வைத்திருப்பார். மிரட்டியது தப்பு, ஆனால் முதல் நாள் நீங்கள் ஜன்னலையும் பையன்களையும் சேர்த்துப் பேசியதில் அவருக்குத் தன் வீட்டையே இடிக்கச் சொல்கிறார்கள் என்று பட்டிருக்கும். இந்த முறை கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். மாடிப்படி ஜன்னலுக்குப் பின்ஹெட் கண்ணாடி (வெளிச்சம் வரும், ஊடே பார்த்தால் ஆள் தெளிவாகத் தெரியாது), திறக்காதபடி. மற்ற இரண்டிலும் கீழ்ப் பகுதி ஐந்தரை அடி உயரம் வரை அதே கண்ணாடி, மேலே மட்டும் திறப்பு. காற்றும் வெளிச்சமும் அவருக்குக் குறையாது. குடியிருப்பவர்களை என்ன செய்வது என்பதை, போலீஸ் மனு நகலைக் காட்டி, அவர் முடிவுக்கே விடுங்கள்.

நேரில் பேச முடியாவிட்டால் உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தேசிய உதவி எண் 15100.

எழுதும் சமரசத்தில் இரண்டு வரி தவறாமல் இருக்கட்டும். உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வரும் காற்றையும் வெளிச்சத்தையும் அவர் மறைப்பதில்லை என்பது ஒன்று. அவருடைய மாடி ஜன்னல்கள் உங்கள் இசைவின்பேரில் இருப்பவை, அவற்றை வைத்து ஈஸ்மெண்ட் உரிமை கோருவதில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். 2044-ல் உங்கள் மகள் அங்கே மாடி எடுக்க நினைத்தால், ‘என் ஜன்னலை மறைக்காதே’ என்று அவர் தடை வாங்காமல் இருக்க அந்த வரிதான் துணை.

இதெல்லாம் நடக்க வாரங்கள் ஆகும். அதுவரை மகள் பேப்பர் ஒட்டிய அறையில் டியூப்லைட்டில் படிக்க வேண்டியதில்லை. அது நாலு கதவு வைத்த பழைய மரஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவுக்குப் பயந்து கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவைத் திறந்து வைப்பது நம் பழக்கம். இங்கே பார்ப்பவன் மாடியில் நிற்கிறான். அவன் பார்வை மேல் பாதி வழியாகத்தான் அறைக்குள் இறங்கும். பேப்பரைக் கிழித்துவிட்டு, மேல் கதவு இரண்டையும் சாத்தி, கீழ்க் கதவு இரண்டையும் திறந்து வையுங்கள். மேசையை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டு, அவள் உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து நிமிர்ந்து அந்த மாடி ஜன்னலைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அது தெரியாவிட்டால், அங்கிருந்து அவள் தலையும் தெரியாது.

கிரயப் பத்திரம் கிடைத்ததும் சொத்து விவரப் பக்கத்தை மட்டும், பெயர்களை மறைத்து, அனுப்புங்கள். பார்த்து எழுதுகிறேன்.